இரண்டாம் முறை என்பதை எண்ணுவது யார்? குடிபோதை ஓட்டுநரும் சட்டத்தின் நினைவாற்றலும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கும் பேசப்பட்டது அபராதத் தொகையைப் பற்றித்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் இனிப் பத்தாயிரம் ரூபாய். மறுமுறை பிடிபட்டால் பதினைந்தாயிரம். தலைப்புச் செய்திகளும் கேலிச் சித்திரங்களும் அத்தோடு நின்றுவிட்டன. அதே திருத்தம் 185ஆம் பிரிவிலிருந்து ஒரு சிறு தொடரை ஓசையின்றி நீக்கியதை மிகச் சிலரே கவனித்தனர். "முந்தைய அதுபோன்ற குற்றம் புரியப்பட்டதிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் புரியப்பட்டால்" என்பது அத்தொடரின் பொருள். என் பார்வையில் அபராத உயர்வைவிட வரலாற்று முக்கியத்துவம் உடையது இந்த நீக்கமே. ஒரு குற்றத்தைச் சட்டம் எத்தனை காலம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1939 முதல் இந்நாடு அளித்துவந்த விடை அத்தொடரில்தான் இருந்தது.

நீண்ட பதிவு இது. சட்ட மாணவர்களுக்குத் தெரிந்த செய்திகள் இடையிடையே வரும். வரலாறும் மொழியியலும் பயிலும் நண்பர்களை மனத்தில் கொண்டு அவற்றையும் விளக்கியே செல்கிறேன்.

முதலில் அடிப்படை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. இரண்டாம் குற்றத்துக்கோ அதன் பின்னான குற்றத்துக்கோ இரண்டாண்டு வரை சிறை, அல்லது மூவாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்த இரண்டாம் குற்றம் முதற்குற்றம் நிகழ்ந்து மூன்றாண்டுகளுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். மூன்றாண்டும் ஒரு நாளும் கடந்திருந்தால் அவர் மீண்டும் முதல்முறைக் குற்றவாளியே. சட்டத்தின் பலகை துடைக்கப்பட்டுவிடும். 2019 அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வேடிக்கை என்னவெனில், அபாயகரமாக ஓட்டுவதற்கான பக்கத்துப் பிரிவாகிய 184இல் அதே மூன்றாண்டு நிபந்தனை இன்றும் அப்படியே நிற்கிறது. குடித்துவிட்டு ஓட்டுபவரைச் சட்டம் இனி மறக்காது. குடிக்காமலே வெறிகொண்டு ஓட்டுபவரை மூன்றாண்டில் மறந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் கொள்கை அடிப்படை எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

தண்டனையின் இலக்கணத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1988இன் அபராதங்கள் "வரை" என்னும் சொல்லோடு வந்தன. இரண்டாயிரம் ரூபாய் வரை என்றால் நூறும் விதிக்கலாம், ஆயிரமும் விதிக்கலாம். குற்றவாளியின் வருவாயும் வழக்கின் தன்மையும் அந்தச் சிறு சொல்லின் இடைவெளிக்குள் நுழைய முடிந்தது. 2019 சிறைக்காலத்துக்கு "வரை"யை விட்டுவைத்துவிட்டு, அபராதத்திலிருந்து மட்டும் அகற்றியது. பத்தாயிரம் என்றால் பத்தாயிரம். உணவு கொண்டுசேர்க்கும் இளைஞருக்கும் சொகுசுக் கார் உரிமையாளருக்கும் தொகை ஒன்றே. இன்னொரு கணக்கும் உண்டு. 1988இல் முதற்குற்றத்துக்கும் இரண்டாம் குற்றத்துக்குமான அபராத விகிதம் இரண்டுக்கு மூன்று. 2019இல் பத்துக்குப் பதினைந்து, அதாவது மீண்டும் இரண்டுக்கு மூன்று. தொகை ஐந்து மடங்கு உயர்ந்தது, விகிதம் அசையவில்லை. சிறையை ஒதுக்கி அபராதத்தை மட்டும் நடுவர் தேர்ந்தெடுத்தால், மறுபடியும் அதே குற்றத்தைச் செய்ததற்கான கூடுதல் விலை ஒன்றரை மடங்கு. அதை அவர் தேர்ந்தெடுக்கச் "அல்லது" என்னும் சொல் இடம் தருகிறது.

இந்தச் சட்டத் தொடரின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1872ஆம் ஆண்டின் ஆங்கிலேய மதுவுரிமச் சட்டம் பொதுவழியில் குதிரை, வண்டி, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு குடிபோதையில் இருப்பவரைத் தண்டித்தது: நாற்பது ஷில்லிங் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை. மோட்டார் வாகனம் அதில் இல்லை. அது இன்னும் பிறக்கவே இல்லை. 1897 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் இலண்டன் வாடகைக் கார் ஓட்டுநர் போதையில் ஒரு கட்டடத்தின் மீது வண்டியை மோதி அபராதம் செலுத்தினார். மோட்டார் வாகனத்தைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். 1925இல் எந்திர வாகனம் சட்டச் சொற்களுக்குள் நுழைந்தது. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்தை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்குக் குடி அல்லது போதைமருந்தின் ஆட்பட்ட நிலையில் இருத்தல் என்று குற்றத்தை வரையறுத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 117ஆம் பிரிவில் ஏறத்தாழ அதே சொற்களை எடுத்தாண்டது. முதற்குற்றம், மூன்றாண்டுகளுக்குள் புரியப்படும் அடுத்த குற்றம் என்ற இருபடி அமைப்பும் அப்போதே நம் சட்டத்தில் வேரூன்றிவிட்டது.

மூன்றாண்டு என்ற அளவு அச்சட்டக் குடும்பத்தில் வேறோர் இடத்திலும் வரும். ஓட்டுநர் உரிமம் ஒரு சிறு புத்தகமாக இருந்த காலத்தில், தண்டனை விதித்த நீதிமன்றம் அதன் பக்கத்திலேயே தண்டனைக் குறிப்பை எழுதிவைக்கும். அந்தக் குறிப்புக்குப் பின் தொடர்ந்து மூன்றாண்டுகள் புதிய குறிப்பு எதுவும் ஏறவில்லையெனில், பழைய உரிமத்தை ஒப்படைத்துவிட்டுக் கறையற்ற புதிய உரிமம் பெறும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இதைக் காணலாம். சட்டத்தின் நினைவு ஓட்டுநரின் சட்டைப் பையில், தாளில் இருந்தது. அந்தத் தாளுக்கும் ஆயுள் மூன்றாண்டு. மன்னிக்கத் தெரிந்த சட்டம் என்று இதைப் பாராட்டலாம். நானும் பாராட்டவே விரும்புகிறேன். ஆனால் அதே அரசு அதே காலத்தில் வேறு மனிதர்களின் குற்றங்களை எத்தனை காலம் நினைவில் வைத்திருந்தது என்று பார்க்கும்போது அந்தப் பாராட்டு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

இலண்டனில் ஸ்மித் அபராதம் கட்டிய அதே 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டு முறைக்குப் பின்னால் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல் பணியாளர்களின் கணித உழைப்பு இருந்தது. அப்பணியகத்தின் முதன்மை நோக்கம், இன்று திரைப்படங்கள் காட்டுவதுபோலக் கொலை நிகழ்ந்த இடத்தில் தடயம் தேடுவது அன்று. முன்பு தண்டிக்கப்பட்டவர் வேறொரு பெயரில், வேறொரு மாவட்டத்தில் மீண்டும் பிடிபட்டால், "இவர் அவரே" என்று நிறுவுவதுதான். மீள்குற்றவாளியை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை உலகுக்கு அளித்தது காலனிய இந்தியா என்றால் மிகையாகாது.

ஏன் அத்தனை அக்கறை? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 75ஆம் பிரிவு முன்தண்டனை பெற்றவருக்குக் கூடுதல் தண்டனை விதித்தது. ஆயுள் தண்டனை வரை அது செல்லும். ஆனால் எல்லாக் குற்றங்களுக்கும் அன்று. நாணயம் தொடர்பானவையும் சொத்து தொடர்பானவையுமான இரு அத்தியாயக் குற்றங்களுக்கு மட்டும், அவையும் மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறைக்குரியவையாக இருந்தால். திருடியவர் மறுபடி திருடினால் அரசு நினைவில் வைத்திருந்தது. கவனக்குறைவால் ஒருவரைக் கொன்றவர் மறுபடி கொன்றால் அப்பிரிவில் அவருக்கு இடமில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான 304அ பிரிவே 1870இல்தான் சேர்க்கப்பட்டது. உச்சத் தண்டனை இரண்டாண்டு.

தனிமனிதரோடு இது நிற்கவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றத்துக்கு "அடிமைப்பட்டவை" என்று அறிவிக்க வழிசெய்தது. மொழியியல் மாணவனாக நான் இங்கே நெடுநேரம் நின்றுவிடுகிறேன். ஆங்கில மூலத்தில் வரும் "அடிக்டெட்" என்ற சொல்லை இன்று நாம் குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். இந்தியச் சட்டத்தில் அச்சொல் மிகப் பெரிய வன்முறையோடு பயன்படுத்தப்பட்டது குடிகாரர்களைக் குறித்து அன்று. மேய்ச்சல், நாடோடி வணிகம், காவல் தொழில் முதலியவற்றால் வாழ்ந்த மக்களைக் குறித்து. சென்னை மாகாணத்துக்கு அச்சட்டம் 1911ஆம் ஆண்டின் புதிய வடிவில் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டை மதுரை வட்டாரம் இன்றும் நினைவுகூர்கிறது. மக்கள் வழக்கில் அச்சட்டத்தின் பெயரே "ரேகைச் சட்டம்" என்பது தற்செயல் அன்று.

1952இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் பல மாநிலங்களில் "வழக்கக் குற்றவாளிகள்" சட்டங்கள் வந்து அமர்ந்தன. காவல் நிலையங்களின் பதிவேடுகளும் தொடர்ந்தன. தமிழில் "கேடி" என்ற சொல் புழங்குகிறதே, அது அந்தப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்த சொல். "நோன் டிப்ரடேட்டர்", அதாவது அறியப்பட்ட கொள்ளையர், என்பதன் முதலெழுத்துகள் கே, டி. "கேடு" என்ற தமிழ்ச்சொல்லோடு ஒலி பொருந்தியதால் அது பிறமொழிச் சுருக்கம் என்பதே நமக்கு மறந்துபோயிற்று. "கேடிப்பயல்" என்று செல்லமாகவும் திட்டுகிறோம். சட்ட மொழி மக்கள் மொழியாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது இரு சொல்லாட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருடுபவரைக் குறித்துச் சட்டம் பேசும்போது பெயர்ச்சொல் மனிதர் மீது ஏறுகிறது: வழக்கக் குற்றவாளி, பழங்குற்றவாளி, கேடி. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைக் குறித்துப் பேசும்போது அடைமொழி செயலின் மீது ஏறுகிறது: இரண்டாம் குற்றம், அடுத்த குற்றம். முன்னவருக்கு அது இயல்பு. பின்னவருக்கு அது நிகழ்வு. முன்னவரின் விரல் ரேகை அரசிடம் இருந்தது. பின்னவரின் குற்றக் குறிப்பு அவரிடமே இருந்தது. 1939இல் இந்நாட்டில் மோட்டார் வாகனம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியுமென்று நான் நம்பவில்லை. ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன்: அக்காலத்தில் காரை வைத்திருந்தவர் வேறு, ஓட்டியவர் வேறு, சம்பள ஓட்டுநரும் ஏழையே. உண்மைதான். ஆயினும் உரிமையாளரும் ஓட்டத் தொடங்கிய காலத்தின் சட்டம் அது. தன்னையும் ஒருநாள் தொடக்கூடும் என்று தெரிந்த சட்டத்தை எழுதுகிற கை மென்மையாகவே எழுதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யும் அதிகாரத்தைத் தரும் 19ஆம் பிரிவில் "வழக்கக் குற்றவாளி அல்லது வழக்கக் குடிகாரர்" என்ற காரணம் முதலாவதாக நிற்கிறது. பழைய பெயர்ச்சொல் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை குடித்தால் வழக்கம் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். "மூன்றாண்டுகளுக்குள்" என்ற நிபந்தனை ஏன் பெரும்பாலும் உயிரற்றே கிடந்தது என்பதை விளக்க ஒரு சிறு கணக்கு போதும். காலம் எண்ணப்பட்டது முதற்குற்றத்துக்குத் தண்டனை கிடைத்த நாளிலிருந்து அன்று. குற்றம் புரியப்பட்ட நாளிலிருந்து. ஆனால் ஒருவர் குற்றம் புரிந்தார் என்று சட்டம் ஏற்பது நீதிமன்றம் அவ்வாறு தீர்த்த பிறகே. முதல் வழக்கை மறுத்து வாதாடுபவர் நம் நீதிமன்றங்களில் மூன்றாண்டை எளிதில் கடத்திவிடலாம். அதற்குள் இரண்டாம் முறை பிடிபட்டாலும், முதலாவது இன்னும் நிரூபிக்கப்படாததால், எண்ணிக்கை ஒன்றே. குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டவர் மட்டுமே மூன்றாண்டு வலைக்குள் அகப்பட்டார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவர் தப்பினார். அந்த வகையில் 2019இன் நீக்கம் ஒரு குறையைச் சரிசெய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது இன்னொரு கேள்வியைத் திறந்துவிட்டது: இருபது வயதில் ஒருமுறை பிடிபட்டவர் ஐம்பது வயதில் மறுமுறை பிடிபட்டால் அதுவும் "இரண்டாம் குற்றம்" தானா? சட்டத்தின் சொற்கள் ஆம் என்கின்றன. மூன்றாண்டு மறதியிலிருந்து ஆயுட்கால நினைவுக்கு ஒரே தாவல். ஐந்தாண்டு, பத்தாண்டு என்ற இடைநிலை பற்றிய பொது விவாதம் எதையும் நான் அறியேன்.

நினைவு இருப்பதாகச் சட்டம் சொன்னால் மட்டும் போதுமா? அதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். முன்தண்டனையால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவர் மீது குற்றச்சாட்டு வனையும்போது அந்த முன்தண்டனையின் நாளும் இடமும் அதில் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறை. நீதிமன்றப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலும், அதில் உள்ளவர் இவரே என்ற சான்றும் தேவை. கொலை வழக்கில் இதற்கெல்லாம் ஆள் உண்டு. ஒரு நாளில் நூறு குடிபோதை வழக்குகள் வரும் நடுவர் மன்றத்தில்?

பெருநகரம் ஒன்றின் நீதிமன்றத்தில், ஒப்புதல் வாக்குமூலத்தின் மொழியைக் கவனிப்பதற்காகச் சில வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் சொற்களைக் கூடுமானவரை அவர் கூறியவாறே நடுவர் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். மொழியியலாளருக்குத் தேன் போன்ற விதி. நான் கண்டது அச்சிட்ட படிவம். ஒரே வாக்கியம், நாற்பது பெயர்கள். நாற்பது பேரில் ஒருவர்கூட அந்த வாக்கியத்தில் பேசவில்லை. ஒருவர் தலையசைத்தார், ஒருவர் "தங்கைக்குக் கல்யாணம் சார்" என்றார், ஒருவர் எண்ணைச் சொல்வதற்கு முன்பே பணத்தை எடுத்தார். இதற்கு முன் பிடிபட்டதுண்டா என்ற கேள்வி சிலரிடம் கேட்கப்பட்டது. இல்லை என்றார்கள். கேள்வி அதற்குமேல் நகரவில்லை. கல்கத்தாப் பணியகம் நிறுவி நூறாண்டுக்கு மேலான பின்பும், இந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை முன்தண்டனைக்கான சான்று குற்றம்சாட்டப்பட்டவரின் நாவாகவே இருந்தது.

சிறைத் தண்டனையின் கதையும் இதைப் போன்றதே. இரண்டாம் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை என்று எழுதியிருந்தாலும், இத்தகைய வழக்கைச் சுருக்கமுறையில் விசாரிக்கலாம். அவ்வாறு விசாரித்தால் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. இரண்டாண்டு என்பது பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில் உறையும் எண். ஐதராபாத் போன்ற சில நகரங்களில் காவல்துறை வழக்குகளை விடாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வதும், குடும்பத்தினரோடு அமரவைத்து ஆலோசனை வழங்குவதும், நடுவர்கள் சில நாள் சிறை விதிப்பதும் வழக்கமாகியுள்ளன. 185ஆம் பிரிவு தெருவிலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. நீதிமன்றப் படி ஏறியே ஆக வேண்டும். பலருக்கு அந்தப் படியே தண்டனை.

இன்னும் குறைவாக அறியப்பட்ட ஒரு விளைவு: 185இன் கீழ் தண்டிக்கப்படும் ஒவ்வொருவரையும், முதல்முறையாயினும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராக அறிவிக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. 20ஆம் பிரிவு "அறிவிக்கலாம்" என்று சொல்லாமல் கட்டாயமாகவே சொல்கிறது. மறுமுறைக்கென்று அப்பிரிவு தனிக் காலவரை எதையும் வகுக்கவில்லை. அபராதம் பற்றிய ஆரவாரத்தில் இந்த ஆறு மாதம் மறைந்தே கிடக்கிறது. வண்டியே பிழைப்பாக உள்ளவருக்கு அபராதத்தைவிடப் பெரிய தண்டனை இதுவே. தனக்கு ஓட்டுநர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு இது தண்டனையே அன்று.

போதையை அளக்கும் வரலாறு தனிப் பதிவுக்குரியது; சுருக்கமாகக் கடக்கிறேன். 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில், மூச்சில் மது வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகிய மருத்துவர் குறிப்புகள் மட்டும் போதா, இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லையே என்றது உச்ச நீதிமன்றம். 1988ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் எதிர்முனைக்குச் சென்று, இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையையும் மூச்சுச் சோதனைக் கருவியையும் கொண்டுவந்தது. காவலர் "ஊது" என்று சொல்லும் ஒற்றை ஏவல் வினை அப்படித்தான் நம் சாலை மொழியில் நுழைந்தது. 2021இல் காப்பீட்டு வழக்கொன்றில், சோதனை எண் இல்லாவிடினும் சூழ்நிலைச் சான்றுகளால் போதையை நிறுவலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காப்பீட்டுப் பொறுப்பு மறுக்கப்பட்டது. குற்ற வழக்குக்கும் காப்பீட்டு வழக்குக்கும் சான்றின் அளவுகோல் வேறு என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உயிர் போகும்போது சட்டம் வேறு பாதையில் செல்கிறது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் கார் ஏறி இறந்தனர். 2012இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவாக மட்டும் காணாமல், மரணம் விளையக்கூடும் என்ற "அறிவோடு" செய்யப்பட்ட, கொலையாகாத மரணம் விளைவித்தலாக ஏற்று மூன்றாண்டுச் சிறையை உறுதிசெய்தது. 1999இல் தில்லியில் ஆறு பேர் இறந்த வழக்கிலும் அதே ஆண்டு அதே பிரிவு பொருத்தப்பட்டது. "அறிவு" என்ற சொல்லே இவ்வழக்குகளின் அச்சாணி. இங்கேதான் மீள்குற்றம் பெறவேண்டிய எடையைப் பெறவில்லை என்பது என் கருத்து. ஒருமுறை பிடிபட்டு, நடுவர் முன் நின்று, அபராதம் கட்டி, உரிமம் இழந்து மீண்டவர் அந்த அபாயத்தை அறியாதவராக இருக்க முடியுமா? முற்குற்றத்தைக் காட்டி ஒருவர் தீயவர் என்று நிறுவக்கூடாது என்னும் சான்றுச் சட்டத்தின் தயக்கம் நியாயமானது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. தீயவர் என்று நிறுவுவது வேறு, அறிந்திருந்தார் என்று நிறுவுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பேசும் சொற்கள் நம் சட்டத் தமிழில் இன்னும் கூர்மை பெறவில்லை.

நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகும் நிர்வாக வழி ஒன்றும் உருவாயிற்று. கோயம்புத்தூர் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை 2014இல் உச்ச நீதிமன்றம் அமைத்தது. குடிபோதையில் ஓட்டியவரின் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கவும், முதற்குற்றத்துக்கே சிறைத் தண்டனை கோரவும் 2015 ஆகஸ்டில் அக்குழு மாநிலங்களைப் பணித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஓட்டுநர் உரிமங்களுக்குத் தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்த 25அ பிரிவைச் சேர்த்தது. ஒரு மாநிலத்தில் உரிமம் இழந்தவர் அடுத்த மாநிலத்தில் புதியது வாங்கிய காலம் இதனால் முடியக்கூடும். சட்டைப் பையில் இருந்த நினைவு அரசின் கணினிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கார் ஓட்டுபவருக்கும் இப்போதுதான் ஒரு கல்கத்தாப் பணியகம் வாய்த்திருக்கிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் எண்ணிக்கை அரசுக் கணக்கின்படி 1,68,491. அவற்றுள் குடிபோதைக்கென்று அக்கணக்கு ஒதுக்கும் பங்கு மிகச் சிறியது. பெரும்பங்கு வேக மீறலின் தலையில் விழுகிறது. விபத்துக்குப் பின் இரத்தம் எடுக்கப்பட்டதா, எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்த நிரல் நிரம்பும் என்பதை மறந்து அவ்வெண்ணைப் படிக்கக்கூடாது. சோதனை இன்றிக் குடி இல்லை. முன்பதிவு இன்றி மீள்குற்றம் இல்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு உச்சத் தண்டனை இரண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. பழைய 75ஆம் பிரிவு 13ஆம் பிரிவாக எண் மாறி அதே உள்ளடக்கத்தோடு வந்து அமர்ந்திருக்கிறது. நாணயம், சொத்து, மூன்றாண்டு. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில், "வழக்கக் குற்றவாளி" என்ற வகைப்பாடு சீர்மரபினர் மீது எவ்வாறு திருப்பப்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்து, அச்சட்டங்களின் தேவையையே கேள்விக்கு உட்படுத்தியது. இரு நிகழ்வுகளுக்கும் இடையே மூன்று மாத இடைவெளி.

சட்ட மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 185ஆம் பிரிவின் "இரண்டாம் அல்லது அடுத்த குற்றம்" என்ற தொடரை உங்கள் மாநில மொழி அறிவிக்கைகளும் குற்ற அறிக்கைப் படிவங்களும் எவ்வாறு பெயர்க்கின்றன? பெயர்ப்பில் குற்றம் எண்ணப்படுகிறதா, குற்றவாளியா? தெலுங்கு, மராத்தி, மலையாளம், இந்திப் படிவங்களின் படம் யாரிடமேனும் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பி உதவுங்கள்.